பஸ் திரும்பும் சந்தி

பெரியம்மா போனில் வழி சொன்னால் அதில் நேரம் இருக்காது. "பதுளையில எறங்கி பசறை பஸ்ஸப் புடி. பசறையில நம்ம பக்கம் வர்ற செவப்பு பஸ் நிக்கும். அது திரும்புற சந்தியில எறங்கி நில்லு. ஆட்டோ வரும்." எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "வரும்யா, நீ நில்லு" என்று வைத்துவிட்டார்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் வந்து பதுளையில் ரயில் நின்றால் அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. 1894இல் பண்டாரவளையைத் தொட்ட பாதை, அங்கிருந்து பதுளைக்கு இறங்கி வர முப்பது வருடம் எடுத்தது. ஒன்பது வளைவுப் பாலத்தைக் கட்டி, தெமோதரையில் தன் தலைக்குக் கீழே தானே நுழைந்து, 1924இல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகளுக்காக அவ்வளவு பாடு. இன்றைக்கு அந்தப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லவிலேயே முதுகுப் பையோடு இறங்கிவிடுகிறார்கள். பதுளை வரை வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பதுளையில் வேலை இருக்கும், அல்லது பதுளையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

பசறைக்குப் பஸ் தட்டுப்பாடு இல்லை. "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கொண்டக்டர் தம்பி முன்னால் தள்ளத் தள்ள, ஏறத்தாழ இருபது கிலோமீட்டரை ஒரு காலில் நின்றே முடித்தேன். ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று அடிக்கும் காலம். ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் வருவதே ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றில்தான் என்பார்கள். மண்டி வியாபாரிகளுக்கு வாசம். வழியில் நிற்பவனுக்குக் கண்ணெல்லாம் மண்.

பசறையில் சிவப்பு பஸ் நின்றது. பெரியம்மா சொன்னது சரி. மடுல்சீமைப் பாதையில் கொஞ்சம் ஏறி, ஒரு கிளைப் பாதையில் பிரிந்து, ஒரு சந்தியில் ஆலமரத்தைச் சுற்றித் திரும்பி நின்றது. எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. பதினொரு பேர் இறங்கினோம். எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை, பூட்டிய ஒரு பஸ் தரிப்பிடம், அதற்கப்பால் மலையைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு கல் ரோடு. தார் இருந்த அடையாளம் ஓரங்களில் மட்டும். அங்கிருந்து பெரியம்மாவின் லயம் நாலு கட்டை. கட்டை என்றால் மைல். கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருடமாகியும் மலையில் தூரம் இன்னும் கட்டையில்தான்.

இறங்கியவர்கள் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் சும்மா நின்றபடியே தங்களைப் பிரித்துக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கிளினிக் கொப்பி வைத்திருந்த ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர், கேஸ் சிலிண்டரோடு ஒரு அக்கா எல்லாரும் மரத்துக்கு இந்தப் பக்கம். இளந்தாரிகள் நாலு பேர் அந்தப் பக்கம் போய், ஆட்டோவுக்குக் காத்திராமல் கொழுந்து மலைக்குள் ஏறும் குறுக்குப் படியில் நடக்கத் தொடங்கினார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நான் மட்டும் நடுவில் நின்றேன்.

"நீங்க சின்ன கணக்கப்புள்ள வீட்டுக்கா?" என்றார் சிலிண்டர் அக்கா. பெரியப்பா கணக்கப்பிள்ளையாக இருந்து செத்துப் பன்னிரண்டு வருடம். ஆம் என்றேன். "அப்ப இங்கிட்டு வாங்க. மொத ட்ரிப்ல போயிரலாம்."

ஆட்டோ வந்தது. பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'அம்மாவின் ஆசி'. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தின் பேரை எழுத வேண்டாம் என்று அவர் பிற்பாடு கேட்டுக்கொண்டார். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

குழந்தைக்காரியும் பெரியவரும் அக்காவும் நானும் பின் சீட்டில். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என் மடிக்கும் கம்பிக்கும் இடையில். ஓட்டுநரின் பக்கத்தில் ஒரு பையன், அவன் கால்களுக்கிடையில் சிலிண்டர். மிச்சம் ஒரு பிள்ளை அடுத்த ட்ரிப்புக்கு நின்றது.

"மூணு பேருக்கு மேல ஏத்தக் கூடாது, சட்டம் சார்" என்றார் அவர், நான் கேட்காமலே. "மூணு பேரோட போனா ஆளுக்கு எரநூறு கேக்கணும். இப்பிடிப் போனா நூறு. நூறுக்கே சம்பள நாள் வரைக்கும் பொறுக்கணும்." பேசிக்கொண்டே சூரிய மறைப்புத் தகட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கொப்பியை இழுத்து என்னிடம் காட்டினார். மோனிட்டர்ஸ் கொப்பி, பாதியாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டது. லயத்து நம்பர், வீட்டு நம்பர், பக்கத்தில் கோடுகள். நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது கோடு குறுக்கே. ஆள் பேர் எங்கேயும் இல்லை. சம்பளம் போடும் பத்தாம் தேதிக்குப் பிறகு கணக்கு அடித்துவிடுவார்கள். அடிக்கப்படாமல் இரண்டு மாதம் தொங்கும் கோடுகளும் இருந்தன. "இது செத்த வீடு, கேக்க முடியாது. இது மகன் கொழும்புல கடையில நிக்கிறான், வந்தா குடுப்பான்."

ரோடு ஏறியது. ஏறியது என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் கியரில் ஓர் அழுகை, ஒரு குலுக்கல், பிறகு எல்லாரும் ஒரு பக்கம் சாய வேண்டும். சாயும் இடங்கள் அவர்களுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடப் பெண் என் தோளைத் தட்டி, "மாமா, இப்ப உள்ளுக்கு" என்றாள். சாய்ந்தேன். வெளிச்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. கீழே பள்ளத்தாக்கில் கொழுந்துக் கூடைகள் புள்ளிகளாகத் தெரிந்தன.

இந்த ரோட்டை யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யோசித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். பறித்த கொழுந்து சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். பறித்த அன்றே ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, போய் வாட்டத்துக்குப் பரவ வேண்டும். ஆகவே ஒவ்வொரு மலைக்கும் ஒரு நிறுவை மடுவம், ஒவ்வொரு மடுவத்துக்கும் லொறி வரும் ஒரு வளைவு. ரோடு மலையிலிருந்து ஸ்டோருக்குப் போகும், ஸ்டோரிலிருந்து துரை பங்களாவுக்குப் போகும். லயத்திலிருந்து டவுனுக்குப் போவதற்கென்று யாரும் ரோடு வெட்டவில்லை. சில தோட்டங்களில் ரோட்டுக்குப் பதில் கம்பி இழுத்து, உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்கை வழுக்கிவிட்ட காலமும் உண்டு. சாக்கு பறந்து இறங்கும். பறித்தவள் நடந்து இறங்குவாள்.

பஸ் கதை இதற்குப் பக்கத்திலேயே வேறு பாதையில் ஓடுகிறது. 1958 ஜனவரி முதலாம் தேதி நாட்டின் பஸ்கள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. மலையில் இன்றும் வயதானவர்கள் சிவப்பு பஸ்ஸை சிடிபி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சபை பட்டிதொட்டிக்கெல்லாம் பஸ் விட்டது உண்மை. ஆனால் தோட்டத்து மக்களின் குடியுரிமை 1948இலேயே போயிருந்தது. வாக்கு இல்லாத ஊருக்கு பஸ் கேட்டுக் கடிதம் எழுத எந்த எம்.பி.க்கு என்ன அவசரம்?

வாக்கு திரும்பி வந்த பிறகும் ரோடு வரவில்லை. அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் முப்பது வருடம் அது குறுக்கே கிடந்தது. சபைத் தேர்தலில் தோட்டத்து ஆட்கள் வாக்குப் போடலாம், உறுப்பினராகக்கூட ஆகலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு கூடை கல் கொட்டச் சொன்னால், அது தோட்டத்து ரோடு என்பார்கள். தோட்டத்தில் கேட்டால், 1992இல் நிர்வாகத்தை ஏற்ற கம்பனிக்கு நட்டக் கணக்கு இருக்கும். 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். திருத்திய தாள் ஒன்று. ரோலர் வருவது வேறொன்று. நான் போன பாதையில் ரோலர் இன்னும் வரவில்லை. ரோடு இப்படி இருந்தால் பஸ் வராது. பஸ் வராத ரோட்டைத் திருத்தச் சொல்லி யாரும் மேலே கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் 'அம்மாவின் ஆசி' ஓடுகிறது.

ஆட்டோக்காரர் தோட்டத்தின் பேரை மறைக்கச் சொன்ன காரணம் இதுதான். ஊவா மாகாணத்துக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி வழித்தடத்தில் ஓட மாகாண அதிகார சபையின் பெர்மிட் வேண்டும். அது பஸ்ஸுக்கு. ஆட்டோ 'ஹயர்' போகலாம். ஆறு பேர் நூறு நூறாகக் கொடுத்தால் அது ஹயரா, பஸ்ஸா? சந்தியில் பொலிஸ் நிற்கும் நாளில் ஆறு பேரும் ஒரே குடும்பமாகிவிடுவார்களாம். அன்றைக்கு நானும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்திருப்பேன், பொலிஸ் இல்லை.

பெரியம்மா வாசலில் நின்றார். "சொன்னனா இல்லியா?" என்றார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பழங்கதை வந்தது. பெரியம்மாவின் இரண்டாவது மகளை, என் அக்காவை, தோட்டத்தில் எல்லாரும் 'லொறி' என்றே கூப்பிடுவார்கள். கறுப்பாக, பருமனாக இருந்ததால் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. வலி எடுத்த ராத்திரி தோட்டத்தில் இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. சாக்குகளை விரித்துப் படுக்க வைத்து, மருத்துவச்சியையும் ஏற்றிக்கொண்டு, டிரைவர் பசறையைப் பார்த்து விட்டிருக்கிறார். மூன்றாம் வளைவு தாண்டவில்லை. பெரியம்மா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். "பெறந்ததுமே கொழுந்து வாசம் புடிச்சவ. ஆனா அவ மலைக்குப் போகல பாத்தியா." அக்கா பண்டாரவளையில் டீச்சர்.

இப்போது 1990 என்ற போன் நம்பர் இருக்கிறது. இந்திய அரசின் உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ், பிறகு நாடெங்கும் வந்துவிட்டது. காசு கிடையாது, தமிழில் பேசலாம். ஆட்டோக்காரர் அதைப் பற்றிக் குறையே சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: அந்த வெள்ளை வண்டி இந்த ரோட்டில் ஏறாது, ஏறினால் உள்ளே இருப்பவர் தாங்க மாட்டார். அதனால் 1990க்கு ஒரு கோல், அவருக்கு ஒரு கோல். அவர் ஆளை இறக்கிக்கொண்டு சந்திக்கு வருவார். அவர்கள் அங்கே நிற்பார்கள். ராத்திரி எத்தனை மணிக்கு என்றாலும் இதற்குக் கொப்பியில் கோடு விழாது. ஏன் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி போலிருக்கிறது, பதில் வரவில்லை.

2022ஐப் பற்றித் தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. பெற்றோல் இல்லாமல் நாடே கியூவில் நின்ற வருடம். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டர் சைக்கிளுக்கு 4. அதுவும் பசறை வரை போய் நின்று அடித்தால். போக வரவே அதில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். அப்போது தோட்டத்தில் ஓடிய இரண்டு ஆட்டோவும் மாறி மாறி ஓடுவதென்று கோயில் கமிட்டியில் பேசி முடிவாகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு மட்டும் ஓட்டம். மற்ற நாளில் உயிர் போகிற விஷயம் என்றால்தான் ஸ்டார்ட். பைக் வைத்திருந்த பையன்கள் சிலர் தங்கள் பங்கில் ஒரு லீற்றர் இரண்டு லீற்றர் போத்தலில் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்த மாதங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு கட்டையும் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். பாதிப் பேர் நடக்கவும் இல்லை, போகவும் இல்லை.

ஊர்க்காரர்களே வண்டி ஓட்டுவதை வேறோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்கு வடக்கே இருக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வான் வந்து நின்றது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சம்பளம் இல்லை. 'பியூர்கர்பஸ்' என்றார்கள், குடிமக்கள் பஸ். அந்த மாநிலத்தில் 1985இல் ஹேக், லெக்டன் என்ற இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. அதற்கு முன்பே ஒல்லாந்தில் இருந்தது. பெரிய பஸ் கட்டுப்படியாகாத கிராமங்களில் எட்டுப் பேர் கொள்ளும் வான். வண்டிக்கு அரசு கைகொடுக்கும், வழித்தடத்துக்கு முறையான பெர்மிட் உண்டு, ஓட்டுவது மட்டும் ஊர்க்காரர்கள். தமிழ்நாட்டில் 1997இல் மினி பஸ் விட்டபோதும் யோசனை ஏறத்தாழ இதுவே: பெரிய பஸ் போகாத இடத்துக்குச் சின்ன பஸ், ஆனால் அரசின் பெர்மிட்டோடு. இங்கே வண்டிக்கு லீசிங், எண்ணெய்க்குக் காசு, ரோட்டுக்குக் கல், ராத்திரித் தூக்கம் எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. பெர்மிட் மட்டும் இல்லை. இதை மலையக மக்களின் ஒற்றுமை என்று மேடையில் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். புகழ்பவர்கள் பெரும்பாலும் பிராடோவில் வந்திருப்பார்கள்.

கணக்கைப் பார்க்கலாம். நான் போன சமயத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனி ஹயர் போய்த் திரும்பினால் மூன்று நாள் சம்பளம் போய்விடும் என்றார் சிலிண்டர் அக்கா. கிளினிக்குக்குப் போன நாளுக்குப் பேரும் விழாது, ஆக நாலு நாள். பங்கு ஆட்டோவும் சிவப்பு பஸ்ஸும் சேர்ந்தால் அதில் பெரும் பகுதி மிச்சம். ஆனால் சிவப்பு பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலை சந்தியில் இருக்க வேண்டும், அதற்கு 'அம்மாவின் ஆசி' முதல் ட்ரிப் ஓட வேண்டும், முதல் ட்ரிப்பில் உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத்தான் இடம். அது அவர் வைத்த சட்டம். மீறி யாரும் ஏற முடியாது. "மூணு பொம்பளப் புள்ளைங்க நின்னுருச்சுக சார், பஸ் இல்லாம. ஒண்ணு எங்க அண்ணன் மக. இப்ப கொழும்புல வீட்டு வேல." அதன் பிறகு வந்த சட்டம் அது.

போன வருடம் அவருக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்திருக்கிறார். அந்த ஒன்பது நாளில் தோட்டமும் படுத்தது.

இன்னொன்றைப் பெரியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடுத்த லயத்தில் ஒரு வீடு. போன தேர்தலில் மற்றத் தொழிற்சங்கத்துக்கு வேலை செய்தவர்கள். ஆட்டோக்காரருக்கும் அவர்களுக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கோயிலடியில் அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆட்கள் சந்தியில் நின்றால் ஆட்டோவில் இடம் இருப்பதில்லை. இடம் இருந்தாலும் இருப்பதில்லை. அவர்கள் குறுக்குப் படியில் ஏறுகிறார்கள். வீட்டில் எழுபது வயதுக் கிழவி இருக்கிறாள். "அவளுக்கு ஏலாமப் போனா?" என்று கேட்டேன். "அப்ப ஏத்துவான்" என்றார் பெரியம்மா. கொஞ்சம் பொறுத்து, "ஏத்துவான்னு நெனக்கிறேன்" என்றார்.

ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என்னை முதல் ட்ரிப்பில் ஏற்றியது நான் சின்ன கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளை என்பதால். கொப்பியில் கோடு போட்டுக் காத்திருப்பதும் ஆளைத் தெரிவதால். அந்தக் கிழவியின் வீட்டை ஏற்றாததும் ஆளைத் தெரிவதால்தான். இஸ்ஸரஹட்ட என்று முதுகில் கைவைத்துத் தள்ளிய பசறை பஸ் கொண்டக்டருக்கு நான் எந்தச் சங்கம், யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் தெரியாது. ஒரு காலுக்கு இடம் தந்தான், மிச்சக் காசு தரவில்லை. அந்த மரியாதைக்கேட்டில் ஒரு சமத்துவம் இருந்தது.

திரும்பும் நாள் ஞாயிறு, சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறு. அன்றைக்கு ஆட்டோ போதாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு டிமோ பட்டா வந்திருந்தது. மரக்கறி ஏற்றும் சின்ன லொறி. பின்பெட்டியில் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கடைக்குப் போகும் சேலைகளில், பூ வைத்து. கிழவிகளுக்கு நடுவில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை. கதிரை மரண உதவிச் சங்கத்தினுடையது, முதுகில் பெயின்டால் எழுதியிருந்தது. வளைவுகளில் சிரிப்பும் கூச்சலுமாக எல்லாரும் ஒருசேரச் சாய்ந்தார்கள். இதே மலைகளில், பசறை பதின்மூன்றாம் கட்டையில், 2021 மார்ச் 20 காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பாதையில் விழுந்த பாறையை எடுக்காமல் விட்டிருந்த இடம். நான் அதை நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் நினைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் 'அம்மாவின் ஆசி'யில் போனேன். சந்தியில் இறங்கி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். வாங்கவில்லை. பெரியம்மா வீட்டு நம்பரில் கோடு போட்டாயிற்றாம். அதற்குப் பதிலாக, நெஞ்சுப் பையிலிருந்து உடைந்த திரையோடு ஒரு போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"பதுளைக்குத்தானே சார்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மணிக்கூடு கடைக்கு அடுத்த கட. குடுத்துட்டுப் போங்க. உயர்தரம் படிக்கிற புள்ளயோடது. திருப்பி அனுப்புறது நான் பாத்துக்கிறேன்."

ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரப் பையன் போனைத் திருப்பிப் பார்த்தான். விலை சொல்லவில்லை, என் பேரையும் கேட்கவில்லை.

"யாருட்டு?"

தோட்டத்தின் பேரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். "அம்மாவின் ஆசி" என்றேன்.

ஒரு துண்டு டேப்பைக் கிழித்துப் போனின் முதுகில் ஒட்டி, பேனாவால் அதையே எழுதினான். "புதன்கிழம பசறை பஸ்ல போட்டு விடுறேன்னு சொல்லுங்க."

எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நான் கொழும்புக்குப் போகிறேன், அந்தப் பிள்ளையின் போன் இவன் கையில்.

"அது பரவால்ல" என்றான். "புதன்கிழம அவரு சந்தியில நிப்பாரு."